கேணல் வின்சன்ற் லெக்கும் நம் பறவைப் பெயர்களும்

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, பெயர்ச்சொல்லின் இலக்கணம் பற்றி எழுதுவதாகவே யான் ஒப்புக்கொண்டேன். எழுதி முடித்திருப்பதோ பிரித்தானியப் பீரங்கிப்படை அதிகாரி ஒருவரின் வரலாறு. தமிழாசிரியன் ஒருவனுக்கு இது வேண்டாத வேலை எனக் கருதும் பழைய மாணவர் சிலர் இருத்தல் கூடும். பெயர்ச்சொல்லைப் பற்றி எழுதப் புகுந்தே யான் அவரிடம் போய்ச் சேர்ந்தேன் என்பதை மட்டும் முதலிற் கூறி வைக்கின்றேன்.

சென்ற ஆண்டு எட்டாந் தரத்து மாணவருக்குச் சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விட்ட செய்யுளைக் கற்பித்துக் கொண்டிருந்தேன். வறுமையுற்ற புலவர் பிற ஊரிலிருந்து தம் மனைவிக்குச் செய்தி சொல்லுமாறு நாரையை வேண்டுகின்றார். குமரித்துறையில் நீராடி வடதிசைக்கு மீளும் பறவையென அதனைக் கூறுகின்றார். பறவைகள் பருவந்தோறும் தெற்கே வந்து வடக்கே மீள்வதைப் பண்டைத் தமிழர் அறிந்திருந்தமைக்கு இஃதோர் எடுத்துக்காட்டு என விளக்கினேன். பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், நம்மட ஆத்தில நிக்கிறது நாரையா கொக்கா?" என்று கேட்டான். அவனை அமர்த்திவிடப் பல வழிகள் உண்டு. ஆசிரியர் யாவரும் அவற்றை அறிவர். அன்று ஏனோ அவற்றுள் ஒன்றையும் யான் கையாளவில்லை. மாலையில் வகுப்பினரைக் கல்லடிப் பாலத்தடிக்கு அழைத்துச் சென்றேன்.

அங்கே நான் பட்ட நாணம் சிறிதன்று. ஒரு நாழிகைக்குள் பதினான்கு வகைப் பறவைகளை மாணவர் சுட்டிக் காட்டினர். அவற்றுள் ஐந்துக்கே எனக்குப் பெயர் தெரிந்திருந்தது. அவ்வைந்திலும் இரண்டு பிழை. தோணியைக் கரையேற்றிக் கொண்டிருந்த முதிய மீனவர் ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார். "மாஸ்டர், அது கொக்குத்தான். ஆனா உண்ணிக்கொக்கு. மாட்டுக்குப் பின்னால திரியிறது. தண்ணிக்குள்ள தனிய நிக்கிறது வேற" என்று தொடங்கி, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். நீர்க்காகம் ஒன்றென்றே நான் எண்ணியிருந்தேன். பருமனும் மூழ்கும் முறையும் கொண்டு அவர் அதில் மூவகை பிரித்தார். ஆலா எங்கே வட்டமிட்டு விழுகின்றது என்று பார்த்தே வலை வீசும் இடத்தைத் தெரிவதாகவும் கூறினார். பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் பெற்றவன் நான். அன்று மாலை கற்பித்தவர் அவரே.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னர் நம் நாட்டுப் பறவைகளுக்குத் தமிழ்ப் பெயர்களைத் தொகுத்த நூல் எது என்று தேடலானேன். நண்பர் ஒருவர் கனத்த நூலொன்றின் மறுபதிப்பைக் கொணர்ந்து தந்தார். அதுவே "இலங்கைப் பறவைகளின் வரலாறு" என்னும் ஆங்கில நூல். ஆயிரத்திருநூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. 1878 தொடக்கம் 1880 வரை இலண்டனில் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. முகப்பில் ஆசிரியர் பெயர் கப்டன் வின்சன்ற் லெக், றோயல் ஆட்டிலறி என்றிருந்தது.

வில்லியம் வின்சன்ற் லெக் 1841 செப்டெம்பர் 2ஆம் நாள் பிறந்தார். பிறந்த இடம் இங்கிலாந்தன்று. அவுஸ்திரேலியாவுக்குத் தெற்கேயுள்ள தஸ்மேனியாத் தீவிலுள்ள கலன்ஸ்வூட் என்னும் பண்ணை. அக்காலத்தில் அத்தீவு வன் டீமன் நாடு எனப்பட்டது. தந்தையார் அயர்லாந்திலிருந்து சென்று குடியேறியவர். சிறுவரான லெக் கல்விக்காகக் கடல் கடந்து அனுப்பப்பட்டார். பின்னர் வுலிச் நகரிலிருந்த இராணுவக் கழகத்திற் பயின்று 1862இல் பீரங்கிப்படையில் அதிகாரியானார்.

வுலிச் கழகத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். அக்காலப் பிரித்தானியப் படையில் காலாட்படை, குதிரைப்படை ஆகியவற்றின் அதிகாரப் பதவிகளைப் பணங்கொடுத்து வாங்கும் வழக்கம் இருந்தது. 1871இலேயே அது நீக்கப்பட்டது. பீரங்கிப்படையிலும் பொறியியற்படையிலும் அவ்வழக்கம் என்றுமே இருந்ததில்லை. குண்டு எத்துணைத் தொலைவில் விழும், மருந்து எவ்வளவு இடல் வேண்டும், குழாயை எக்கோணத்தில் நிமிர்த்தல் வேண்டும் என்பனவெல்லாம் கணிதத்தின் பாற்பட்டவை. செல்வச் சீமானின் மைந்தன் என்பதற்காகக் குண்டு இலக்கில் விழுவதில்லை. ஆதலின் அப்படைக்குக் கணக்கும் வரைபும் கற்றவரே வேண்டப்பட்டனர். நிலக்காந்தத்தை உலகெங்கும் அளப்பித்து, 1861 முதல் 1871 வரை றோயல் சங்கத்தின் தலைவராக விளங்கிய எட்வேட் சபீன் ஒரு பீரங்கிப்படையாளர். இந்தியாவை அளந்தவரும், உலகின் உயர்ந்த சிகரம் தம் பெயரைத் தாங்கப் பெற்றவருமான ஜோர்ஜ் எவரெஸ்ற் வங்காளப் பீரங்கிப்படையைச் சேர்ந்தவர். அளத்தலும் குறித்தலும் பழகிய கண்ணும் கையும் போரில்லாக் காலத்தில் வேறொன்றை அளக்க விரும்பும் போலும். லெக்கின் கண் பறவைகளின் மேற் சென்றது.

1868இல் அவர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். 1877 வரை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இங்கே பணியாற்றினார். கொழும்பு, காலி, திருகோணமலை ஆகிய கோட்டைகளிற் பீரங்கிப்படைக்கு அந்நாளில் வேலை அதிகமில்லை. சுயஸ் கால்வாய் 1869இற் திறக்கப்பட்டபின் கப்பல்கள் பெருகின. பகைவர் எவரும் வந்திலர். ஏனைய அதிகாரிகள் யானை வேட்டையிலும் சீட்டாட்டத்திலும் போக்கிய பொழுதை லெக் காடுகளிலும் சதுப்புகளிலும் போக்கினார்.

அவருக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. கொழும்பிற் பிறந்த பறங்கியரும் இராணுவ வைத்தியருமான எட்வேட் பிரெடெரிக் கெலாட் 1852இல் இலங்கை விலங்குகளைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டிருந்தார். குடியியற் சேவையிலிருந்த எட்கார் லேயாட் 1853, 1854ஆம் ஆண்டுகளிற் பறவைக் குறிப்புகளை எழுதியிருந்தார். ஹோல்ட்ஸ்வேத் என்பார் 1872இல் பட்டியலொன்றைத் தந்தார். ஆயினும் ஒவ்வொரு பறவையின் உருவம், பரவல், பழக்கம், கூடு, முட்டை யாவற்றையும் முழுமையாக எழுத முற்பட்டவர் லெக்கே. றோயல் ஏசியச் சங்கத்தின் இலங்கைக் கிளைக்குச் செயலாளராக இருந்து அதன் பொருட்சாலையை ஒழுங்கு செய்தார். அச்சங்கத்தின் சேகரிப்புகளே 1877 ஜனவரி 1ஆம் நாள் தேசாதிபதி கிறகரி திறந்துவைத்த கொழும்பு நூதனசாலைக்குக் கருவாயின.

அக்காலப் பறவை ஆராய்ச்சி எவ்வாறு நடைபெற்றது என்பதை இக்கால மாணவர் அறிந்தால் முகஞ் சுளிப்பர். தொலைவிலிருந்து பறவையைத் தெளிவாகக் காட்டும் கருவிகள் அரிதாயிருந்த காலம் அது. பறவையைச் சுட்டு வீழ்த்தினாலன்றி அஃது இன்னதென உறுதிப்படுத்தல் இயலாது. வீழ்ந்தவுடன் கண், அலகு, கால் ஆகியவற்றின் நிறங்களைக் குறித்தல் வேண்டும். உயிர் போனபின் சிறிது நேரத்துள் அந்நிறங்கள் மங்கிவிடும். பின்பு தோலை உரித்து, உட்புறத்திற் பாடாணங் கலந்த சவர்க்காரம் பூசி, பஞ்சடைத்து, இடமும் நாளும் ஆணோ பெண்ணோ என்பதும் எழுதிய சீட்டைக் காலிற் கட்டுவர். வெப்பமும் ஈரமும் மிக்க நம் நாட்டில் ஒரு நாள் தாழ்த்தால் தோல் அழுகும், எறும்பு மொய்க்கும். நூலிலுள்ள ஒவ்வொரு நிற விவரணையின் பின்னும் கொல்லப்பட்ட உயிர்கள் உண்டு.

இதனை வாசிக்குந்தோறும் என் மனத்தில் ஒரு முரண் எழும். போர்க்காலத்திற் பிறந்து வளர்ந்த தலைமுறை எங்களது. வாவிக்கப்பால் எறிகணை வீழ்ந்த ஓசை கேட்டதும், கிண்ணை மரங்களிலிருந்து வெண்கொக்குகள் ஒருங்கே எழுந்து வானில் வெண்துணி விரித்தாற்போற் பரவும். வீட்டார் நிலத்திற் படுக்கச் சொல்வர். படுத்தபடியே அவை மீண்டும் வந்து அமர்கின்றனவா என்று பார்த்துக் கொண்டிருப்பேன். அமர்ந்தால் இனிக் குண்டு வராது என்பது சிறுவராகிய எங்கள் கணிப்பு. அது பலமுறை பொய்த்ததும் உண்டு. ஆகவே பீரங்கிப்படை அதிகாரி ஒருவர் பறவைகளின் காவலராகப் போற்றப்படுவதைக் கண்டபோது முதலில் எனக்கு வெறுப்பே தோன்றியது. நூலைத் தொடர்ந்து வாசித்தபின் அவ்வெறுப்பு நீங்கிற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் மதிப்பும் உடன் வந்து சேர்ந்தது.

மதிப்பு வந்த காரணம் அவருடைய பொறுமை. ஒரு பறவை இலங்கையில் உண்டு என்று கூறுவதோடு அவர் அமைந்தாரில்லை. எந்தப் பகுதியில், எத்துணை உயரத்தில், எம்மாதத்தில் என்று பிரித்துக் காட்டினார். தென்மேற்கிலுள்ள மழைக்காடு வேறு, மலைநாடு வேறு, வடக்கிலும் கிழக்கிலும் விரிந்த வரண்ட நிலம் வேறு; இம்மூன்றிலும் பறவைக் குடிகள் வேறுபடுகின்றன என்பதை அவர் நூல் ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகின்றது. திருகோணமலை, மட்டக்களப்பு என்னும் பெயர்கள் பரவல் கூறும் பகுதிகளிற் பலகாலும் வருகின்றன. திருகோணமலையிலிருந்து நம் பகுதிக்கு நிலவழியாக வருவோர் வெருகல், பனிச்சங்கேணி முதலிய துறைகளிற் தோணியேறிக் கடக்க வேண்டியிருந்த நாளில் இக்குறிப்புகள் திரட்டப்பட்டன. மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது 1928இலேயே என்பதையும் ஈண்டு நினைவிற் கொள்க.

நம் வாவியின் பறவை வாழ்வு காற்றைப் பற்றியே நடப்பது. கச்சான் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் நிலம் வெடித்து நீர் குறையும். ஒதுங்கிய மீனைத் தின்னக் கொக்கும் நாரையும் கூடும். ஐப்பசியில் வாடை தொடங்கும்போது வடநாடுகளிலிருந்து உள்ளான்களும் ஊசிவால் வாத்துகளும் வந்திறங்கும். மழையால் வட்டைகள் நிறைந்து நெல் எழும் காலத்தில் நத்தைகுத்தி நாரைகள் வரப்போரம் வரிசையாக நிற்கும். பங்குனி, சித்திரையில் வந்த விருந்தினர் மீள்வர். எழுவான்கரையில் நின்று கடலையும், படுவான்கரையில் நின்று வயலையும் ஒருங்கே காணத்தக்க இவ்வைம்பத்தாறு கிலோமீற்றர் நீர்ப்பரப்பின் ஆண்டுக் கணக்கு அது. இவ்வாவியின் ஓசையை ஆராய விபுலானந்த அடிகளார் இருந்தார்; 1947இல் வெளிவந்த யாழ் நூல் அதற்குச் சான்று. இதன் சிறகுகளை ஆராய நம்மவர் ஒருவர் அன்று முன்வந்திலர்.

புதிய பறவைகளைக் கண்டறிந்த புகழும் லெக்குக்கு உண்டு. தென்மேற்கு மழைக்காட்டில் அவர் கண்ட சிறு பறவை ஒன்றை இலண்டனிலிருந்த ஸ்கிளேற்றர் 1872இல் விவரித்து, அதன் அறிவியற் பெயரில் வின்சன்ற் என்னும் பெயரைச் சேர்த்தார். வெண்டொண்டையும் மஞ்சள் வயிறுமுடைய அப்பூக்கொத்தி உலகில் இலங்கையிலன்றி வேறெங்கும் இல்லை. இன்றும் சிங்கராஜக் காட்டிற் காணலாம். மலைக்காடுகளில் வாழும் கொண்டையுடைய கழுகொன்றை 1878இல் லெக் தாமே பெயரிட்டு விவரித்தார். அதற்குத் தம் பெயரை இடாது, 1860இல் மறைந்த கெலாட்டின் பெயரை இட்டார். பிற்காலத்தார் ஆங்கில வழக்கில் அதனை லெக்கின் கழுகு என்றே அழைக்கலாயினர். ஒரே பறவையின் அறிவியற் பெயரில் ஒருவரும் ஆங்கிலப் பெயரில் மற்றவருமாக இருவரும் வாழ்கின்றனர். பெருந்தன்மைக்கு இப்படியும் ஒரு வட்டி கிடைப்பதுண்டு.

ஆயின் அவருக்கு வழிகாட்டிய வேட்டுவர், தோணியோட்டிகள், மரமேறிக் கூடு எடுத்துத் தந்த சிறுவர் ஆகியோர் எங்கே? காட்டுப் பாதையையும் பறவையின் ஒலியையும் அறிந்தவர் அவர்களே. இலங்கைப் பறவைகளின் பெயர்களில் அத்தகைய வழிகாட்டி ஒருவரின் பெயரையும் யான் கண்டிலேன். அவர்கள் தந்த ஒன்று மட்டும் நூலில் நிலைத்து நிற்கின்றது. அதுவே பறவைகளின் ஊர்ப்பெயர்.

இனி என் பொருளுக்கு வருகின்றேன். பறவைகளின் அறிவியற் பெயரோடும் ஆங்கிலப் பெயரோடும் லெக் அமைந்திருக்கலாம். படைத்தலைவர் ஒருவரிடம் வேறெதனையும் எவரும் எதிர்பார்த்திரார். ஆயினும் கிடைத்த இடங்களிலெல்லாம் சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் கேட்டு எழுதினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நம் பாட்டன் பூட்டன் வாயில் வழங்கிய சொற்கள் அவை. தமிழறிந்த எவரும் அந்நாளில் அவற்றை எழுதி வைத்தாரல்லர். நிகண்டு பாடினோர்க்கு வாவியோரத்து உள்ளானைப் பற்றிய கவலை இல்லை.

இடர் யாதெனின், அப்பெயர்கள் ஆங்கில எழுத்தில் எழுதப்பட்டமையே. ஆங்கில எழுத்துக்கு லகர, ளகர, ழகர வேறுபாடு இல்லை. ரகரமும் றகரமும் அதற்கு ஒன்று. நகரமும் னகரமும் ணகரமும் ஒன்று. குறிலையும் நெடிலையும் அஃது ஒழுங்காகப் பிரிப்பதில்லை. வலி, வளி, வழி, வாலி, வாளி என்னும் ஐந்தும் ஒரே எழுத்துக்கூட்டில் அடங்கிவிடும். இன்று அச்சொல்லை மீட்க விரும்புவோன் ஐந்தையும் ஒவ்வொன்றாக முயன்று பார்த்தல் வேண்டும். வேட்டுவன் சொன்னதைப் படைவீரர் கேட்டு, கேட்டதை எழுதி, எழுதியதை இலண்டனில் அச்சுக்கோத்தபோது ஒரு சொல் மூன்று முறை தேய்ந்தது. தேய்ந்தாலும் எலும்பு இருக்கின்றது. அவ்வெலும்பைக் கையிற் கொண்டு இன்றைய மீனவரிடமும் வேளாளரிடமும் சென்று கேட்டால், சதை மீண்டும் கூடும் வாய்ப்பு உண்டு.

பெயர் எங்ஙனம் பிறக்கின்றது என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகளை மாணவருக்குக் காட்டினேன். ஆட்காட்டி என்னும் பறவை மனிதர் வரவைக் கண்டதும் கூவிக் காட்டைக் கலைத்துவிடும். ஆளைக் காட்டுவதால் ஆட்காட்டி. வேட்டைக்குப் போய் வெறுங்கையோடு மீண்டவனே இப்பெயரை இட்டிருத்தல் வேண்டும். உண்ணிக்கொக்கு எருமையின் உடலிலுள்ள உண்ணியைக் கொத்தும், இப்பெயரிட்டவன் மேய்ப்பன். நத்தைகுத்தியின் அலகுகள் நுனியிற் கூடினும் நடுவே இடைவெளி உடையன. ஓட்டுக்குள்ளிருக்கும் நத்தையை எடுத்தற்கு ஏற்ற அமைப்பு அது. இப்பெயர் வயலிற் பிறந்தது. தொழிற்பெயர் விகுதி, காரணப்பெயர், வினையாலணையும் பெயர் என்று நன்னூல் வழி நின்று கற்பித்தபோது உறங்கிய மாணவர், இவற்றைக் கேட்டு உறங்கினாரில்லை.

ஆறுமணிக் குருவி என்பது சுவையான பெயர். வாடைக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து பற்றைகளில் வாழும் அழகிய பறவை. காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுக்கும். சிங்களத்தார் அதன் குரலையே பெயராக்கி அவிச்சியா என்பர். தமிழர் அதன் நேரத்தைப் பெயராக்கினர். மணிக்கூடு ஊருக்குள் வருமுன் இப்பெயர் இருந்திருக்க வழியில்லை என்று நினைக்கின்றேன். அதற்கு முன் அக்குருவிக்கு நாம் இட்டிருந்த பெயர் யாது? எவரேனும் அறிந்திருந்தால் எனக்கு ஒரு வரி எழுதி உதவுவாராக.

லெக்கின் தாய்நாட்டுக்கு மீண்டும் செல்வோம். அவர் பிறந்த தீவிற் பழங்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்தவர். 1820களின் நடுப்பகுதி தொடக்கம் குடியேறிகளுக்கும் அவர்களுக்கும் நடந்த போரில் அம்மக்கள் பெரும்பாலும் அழிந்தனர். எஞ்சினோர் 1830களில் பிளிண்டேர்ஸ் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே நோயாலும் துயராலும் மடிந்தனர். லெக் பிறந்தபோது அவருடைய பண்ணை நிலத்தின் பறவைகளுக்கு முன்பு வழங்கிய பெயர்களைச் சொல்ல அவ்விடத்தில் எவரும் இல்லை. அம்மக்களுள் புகழ்பெற்ற துருகனினி என்னும் மூதாட்டி 1876 மே மாதத்தில் ஹோபாட் நகரில் இறந்தார். அவ்வாண்டில் லெக் இலங்கையிற் பறவைகளின் பின்னே திரிந்து கொண்டிருந்தார். தம் பிறந்த தீவில் மறைந்தவற்றை எண்ணியே இங்கே ஊர்ப்பெயர்களைக் கேட்டு எழுதினார் என்று கூறச் சான்றில்லை. யான் அவ்வாறு கூறவுமில்லை. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காதிருக்க முடியவில்லை.

துருகனினியோடு அவ்வினம் அற்றது என்று நெடுங்காலம் புத்தகங்களில் எழுதினர். அது பிழை. அவ்வினத்தின் வழித்தோன்றல்கள் இன்றும் அத்தீவில் வாழ்கின்றனர். 1990களில் அவர்கள் தம் மொழியை மீட்கத் தொடங்கினர். பேசுவோர் இல்லாத மொழியை எதனைக் கொண்டு மீட்பது? அக்கால அதிகாரிகளும் பாதிரிமாரும் மாலுமிகளும் தத்தம் காதுக்கு எட்டியவாறு பிழைபட எழுதிவைத்த சொற்பட்டியல்களைக் கொண்டே. பல மொழிகளின் எச்சங்களிலிருந்து கூட்டப்பட்ட அம்மொழிக்குப் பலவா கானி என்று பெயர். பிழைபட எழுதிய பட்டியலும் ஒரு நாள் வேண்டப்படும் என்பதை அங்கே கண்டனர். நம் தமிழோ பேசுவோர் அற்ற மொழியன்று, கோடிக்கணக்கானோர் பேசுகின்றனர். ஆயினும் மொழி ஒருங்கே சாவதில்லை. வாவியோரத்துச் சொற்கள் முதலிற் போகும். பாடநூற் சொற்கள் கடைசியில் எஞ்சும். 2004 டிசெம்பர் 26ஆம் நாட் கடற்கோளில் நம் கரையோர ஊர்களிற் போனவர்களோடு எத்தனை பெயர்கள் போயினவோ, எவர் எண்ணினார்?

லெக் 1877இல் இங்கிலாந்துக்கு மாற்றப்பட்டார். படைப்பணிக்கிடையே நூலை எழுதி, தம் பொறுப்பிலேயே வெளியிட்டார். படங்களை ஒல்லாந்தரான கூலெமன்ஸ் கல்லச்சுக்கு வரைந்தார். அந்நாளில் நிறப் படத்தை அச்சியந்திரம் தருவதில்லை. கறுப்புக் கோடுகள் அச்சானபின் ஒவ்வொரு பிரதிக்கும் ஆட்கள் கையால் வண்ணந் தீட்டுவர். ஒரு பிரதியிலுள்ள மரகதப் பச்சை மற்றொரு பிரதியிற் சற்று மங்கியிருப்பதன் காரணம் இதுவே.

1883இல் அவர் பிறந்த தீவுக்கே மீண்டு தஸ்மேனியப் படைக்குத் தளபதியானார். ஹோபாட் துறைமுகத்தைக் காக்கும் பீரங்கி மேடைகளை ஒழுங்கு செய்வது அவர் பொறுப்பில் இருந்தது. இடையில் ஓய்வு பெற்று, 1898 முதல் 1902 வரை மீண்டும் அப்பதவியை ஏற்றார். 1901இல் அவுஸ்திரேலியப் பறவையியலாளர் ஒன்றியம் அமைந்தபோது அதன் முதற் தலைவராகத் தெரியப்பட்டார். முதுமையிலும் அவர் அளப்பதை விட்டாரில்லை. பென் லோமன்ட் மலைத்தொடரை ஏறி அளந்தார்; அதன் 1,572 மீற்றர் உயரச் சிகரம் இன்று அவர் பெயரால் வழங்குகின்றது. 1918 மார்ச் 25ஆம் நாள், பிறந்த கலன்ஸ்வூட்டிலேயே இறந்தார். அவர் தொடங்கிய பணியை இங்கே வெயிற் என்பார் 1925இலும், நம் நாட்டிற் பிறந்த ஜோர்ஜ் ஹென்றி 1955இலும் தம் நூல்களாற் தொடர்ந்தனர். இம்மூவர் வழியும் வந்தவை ஆங்கில நூல்களே.

மேலே கூறிய மாணவன் இப்பொழுது ஒன்பதாந் தரத்திற் பயில்கின்றான். அவனும் தோழர் அறுவரும் சனிக்கிழமைகளில் ஏடுங் கையுமாக வாவியோரஞ் செல்கின்றனர். பெரும்பாலும் நானும் உடன் செல்வதுண்டு. பறவையைப் பார்த்து உருவத்தை எழுதுவர். முதியவரைக் கேட்டுப் பெயரை எழுதுவர். யார் சொன்னார், எந்த ஊர் என்பதையும் எழுதுவர். இதனை நான் கட்டாயமாக்கியிருக்கின்றேன். லெக் விட்ட இடம் அது. கல்லடியில் ஒரு பெயரும் வாகரையில் வேறு பெயரும் வழங்குமாயின் இரண்டையும் எழுதுவர். எது சரி என்று என்னைக் கேட்டால் இரண்டுமே சரி என்பேன். இதுவரை ஏட்டில் நாற்பத்தொரு பறவைகள் உள. அவற்றுள் நாற்பதுக்குப் பெயர் கிடைத்தது.

எஞ்சியது பாலமீன்மடு முகத்துவாரத்து மணலில் ஓடித்திரியும் மண்ணிறச் சிறு பறவை. அலை பின்வாங்கும்போது ஓடி வந்து கொத்தும். அலை வரும்போது திரும்பி ஓடும். முன்பு கூறிய அதே மீனவரிடம் அதன் பெயரைக் கேட்டோம். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "அதுக்கு நாங்க பேர் வெக்கல்ல மாஸ்டர். பிடிக்கிறதும் இல்ல, அதால ஒரு வேலையும் இல்ல" என்றார். அப்படியாயின் தான் ஒரு பெயர் வைக்கலாமா என்று மாணவன் கேட்டான். அவர் சிரித்து, "வையி மனே, ஆரு வேணாமெண்ட" என்றார். பெயரை உடனே சொல்ல வேண்டாம், இன்னும் இரண்டு சனிக்கிழமை அதனை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொல் என்றேன். இக்கட்டுரை அச்சுக்குப் போகும்வரை அவன் சொல்லவில்லை.